ஒரு கிள்ளு ரொட்டி

கனிஷாய் ஆடு மாடுகளுக்கு ஊசி போடுகிறவள். எங்கள் ஊரான கோச்கோரில் கோடை வந்தால் ஆடுகள் மேய்ச்சல் மலைக்குப் போய்விடும். ஊசியும் பின்னால் போக வேண்டும். ஆகவே கணவாய் வரைக்கும் அவளுக்குத் தெரியாத கூடாரம் கிடையாது. தன்னந்தனியாக ஓட்ட வேண்டிய மலைச் சைக்கிள் பந்தயத்துக்குப் பயிற்சி எடுக்க இதைவிட மோசமான தகுதி இருக்க முடியாது.

விடியலில் கிளம்புவாள். முதல் கூடாரத்தில் தேநீர். அடுத்ததில் குமிஸ், அதாவது புளித்த குதிரைப்பால். அதற்கடுத்ததில் ஒரு ஆட்டுக்கு இருமல். கணவாயைத் தொடாமலே பொழுது சாய்ந்துவிடும். தொடை வலுத்ததோ இல்லையோ, வயிறு வலுத்தது.

அந்த நிலையில்தான் பந்தய விதி அவள் காதுக்கு வந்தது: வெளியாள் உதவி வாங்கினால் நீக்கம். பந்தயப் பாதையோ, கணவாய்க்குச் சற்றுக் கீழே, அவள் கணவனின் அக்கா உல்போல்சுனின் கூடார வாசலை உரசிக்கொண்டு போகிறது. ரொட்டியைக் கிள்ளி வாயில் போடாமல் ஒரு வாசலைக் கடப்பது எங்களிடையே வசவைவிடக் கேவலம். கிள்ளினால் பந்தயம் போச்சு. கிள்ளாவிட்டால் குடும்பம் போச்சு.

ஒரு நாள் ஓடைக்குள் இறங்கி, சைக்கிளைத் தூக்கிக்கொண்டு கூடாரத்தின் பின்பக்கமாக நழுவிப் பார்த்தாள். நாய் காட்டிக்கொடுத்தது.

உல்போல்சுன் வெளியே வந்தாள். தம்பி மனைவியைக் கெலின் என்றும், மூத்தவளை எஜே என்றும் அழைப்பதுதான் முறை. “என்ன கெலின், ஓநாய் மாதிரி பின்னால வர்றே? என் ரொட்டி கசக்குதா?”

“இல்ல எஜே. பந்தயத்துல யாரும் எனக்குச் சாப்பாடு குடுக்கக் கூடாதாம்.”

“யாரு போட்ட சட்டம் அது? அநாதைங்களுக்கா பந்தயம் வைக்கறாங்க?”

சட்டக்காரன் உள்ளேயே இருந்தான். பந்தயக் குழுவிலிருந்து பாதையைச் சரிபார்க்க வந்த மார்லென், கையில் கிண்ணத்தோடு எட்டிப் பார்த்தான். “வர்றவங்க எல்லாருக்கும் கிடைக்கிறது உதவியில சேராது. உங்களுக்கு மட்டும்னாதான் தப்பு. எஜே, முன்னப்பின்ன தெரியாதவன் வந்தாலும் குடுப்பீங்களா?”

உல்போல்சுன் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். “நீ யாருடா எனக்கு? இது எத்தனாவது கிண்ணம்?”

மார்லென் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டான். விசாரணை முடிந்தது.

உல்போல்சுன் ரொட்டியை நீட்டினாள். கனிஷாய் சைக்கிளைக் கீழே வைக்காமலே ஒரு கிள்ளு எடுத்து வாயில் போட்டாள்.

“உள்ள வந்து உட்காரு.”

“உட்கார்ந்தா உதவியாயிடும், எஜே. சட்டம்.”

அப்படி ஒரு சட்டம் இல்லை. மார்லென் தேநீரை ஊதினான்.

“சட்டம்னா சரி,” என்றாள் உல்போல்சுன். “போயிட்டு வா.”

அன்று கனிஷாய் கணவாய் உச்சியில் நின்றாள். பயிற்சி தொடங்கியதிலிருந்து முதல் தடவையாக அவளுக்குப் பசித்தது.