வாசலில் அப்பா சொன்னது

கேட்டின் கொக்கியைப் போட்டுவிட்டு அப்பா ஒருமுறை திரும்பிப் பார்த்தார். காதில் வைத்திருந்த பஞ்சு வெயிலில் பளிச்சென்று தெரிந்தது. உதடுகள் அசைந்தன, சத்தம் வரவில்லை. என்ன சொன்னார் என்று எனக்குப் பிடிபடவில்லை. பிடிபட்டதுபோலத் தலையை மட்டும் ஆட்டிவைத்தேன். தோளில் பையை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்துவிட்டார்.

அப்பா ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் ஸ்பின்னிங்கில் வேலை பார்த்தவர். மெஷின் இரைச்சலில் நாற்பது வயதுக்குள்ளேயே காது போய்விட்டது. வேலையை விட்ட பிறகும் காதில் பஞ்சு வைக்கும் பழக்கம் மட்டும் போகவில்லை. காலையில் குளித்துவிட்டு மற்றவர்கள் திருநீறு பூசுவார்கள், அப்பா பஞ்சை உருட்டுவார். தன் குரல் தனக்கே கேட்காததால் எதையும் கத்தித்தான் சொல்லுவார். எங்கள் வீட்டில் என்ன குழம்பு என்பது தெருமுனை வரை தெரியும்.

ஆனால் மில்லில் கூட வேலை பார்த்தவர்களோடு பேசும்போது சத்தமே இருக்காது. அந்த இரைச்சலில் யாருக்கும் யார் பேச்சும் கேட்காது என்பதால், எல்லாரும் வாயைப் பார்த்தே பேச்சைப் படிக்கக் கற்றிருந்தார்கள். அப்பா தெருவின் இந்தப் பக்கமும் அவருடைய சேக்காளி அந்தப் பக்கமும் நின்று வாயசைப்பார்கள். நடுவே மாட்டு வண்டி போகும், லாரி போகும். பத்து நிமிடம் கழித்து இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரிப்பார்கள். அப்பாவைப் பற்றிப் பக்கத்து வீட்டில் குறை சொல்ல வேண்டுமென்றால் அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வாள். “அவியளுக்குக் காதுதாம்ல கேக்காது, கண்ணுலயே அம்புட்டும் கேட்டுருவாக” என்பாள். இதெல்லாம் தெரிந்து வளர்ந்தவன்தான் நான்.

அம்மா போன பிறகு அப்பாவை ஸ்ரீவில்லிபுத்தூருக்கு என்னோடு அழைத்து வந்தேன். எனக்கு அங்கே ஓர் ஆபீஸில் வேலை. மடிப்புக் கலையாத சட்டை, அதற்கேற்ற பேச்சு. யாரும் கேட்காமலே ஒரு நாள், என் அப்பா மில்லில் ஆபீஸராக இருந்தவர் என்று மேனேஜரிடம் சொல்லிவைத்திருந்தேன். எதற்குச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்கே விளங்கவில்லை. சொன்னபோது நாக்கு கூசவில்லை என்பது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

ஆடிப்பூரத் தேர் அன்று அந்த மேனேஜரும் அவர் மனைவியும் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். என் மனைவி மகனைக் கூட்டிக்கொண்டு தேர் பார்க்கப் போயிருந்தாள். அப்பா கைலியோடு, பனியனில் ஒரு ஓட்டையோடு, நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். “வாங்க, வாங்க! தேரு நெலய விட்டுக் கெளம்பிருச்சா?” என்று அவர் போட்ட சத்தத்தில் அந்த அம்மாள் அரண்டுபோய்ப் புருஷனைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, “இவங்க யாரு?” என்றாள்.

“ராஜபாளையத்துல தெரிஞ்சவரு. தேருக்கு வந்திருக்காரு. காது கேக்காது, பாவம்” என்றேன்.

குரலைத் தாழ்த்தித்தான் சொன்னேன். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்ப வேண்டும் என்பது தோன்றவில்லை. அப்பா எனக்கு நேரெதிரே உட்கார்ந்திருந்தார்.

அவர் எழுந்து உள்ளே போனார். நான் காபி கலந்துகொண்டு வருவதற்குள் வேட்டி, சட்டை மாற்றி, பையும் கையுமாக வந்து நின்றார். “அப்ப நான் வாரேன் சார். பொறவு பஸ்ஸுல எடம் கெடைக்காது” என்றார். பிறந்ததிலிருந்து என்னை ‘ஏலே’ என்று மட்டுமே கூப்பிட்டவர். செருப்பைப் போட்டுக்கொண்டே, “ஒங்க அப்பாவ நான் கேட்டதாச் சொல்லுங்க” என்றார். மேனேஜர் புன்னகையோடு கை கூப்பினார். நானும் கூப்பினேன். என் அப்பாவைப் பார்த்து, என் வீட்டு வாசலில், வேற்றாளைப் போலக் கை கூப்பினேன். அவர் என்னைக் காப்பாற்றினாரா, குத்தினாரா என்று தெரியவில்லை. இரண்டுக்கும் நான் தகுதியானவன்தான்.

மனைவி வந்து, “மாமா எங்க?” என்றாள். ராஜபாளையத்து வீட்டைப் பார்த்து வரப் போயிருக்கிறார் என்றேன். “சாப்பிடாமலா?” என்றாள். நான் காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

அதன்பின் அப்பா ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வரவே இல்லை. ராஜபாளையத்தில் பூட்டிக் கிடந்த பழைய வீட்டைத் திறந்து, தானே பொங்கிச் சாப்பிட்டுக்கொண்டு இரண்டு வருடம் இருந்தார். நான் போகும்போதெல்லாம் “ஏலே, வா” என்று பழையபடியே கத்துவார். அந்த நாளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. மன்னிப்புக் கேட்க எனக்கும் வாய் வரவில்லை. கத்திக் கேட்டால் தெருவுக்கே கேட்டுவிடுமே என்று ஒரு சாக்கு வைத்திருந்தேன். கத்தவே வேண்டியதில்லை, எதிரில் உட்கார்ந்து உதட்டை அசைத்திருந்தால் போதும். இது அவர் செத்த பிறகுதான் உறைத்தது என்று சொன்னால் அதுவும் பொய்.

இப்போது என் காதும் மந்தமாகிவிட்டது. மகன் வாங்கிக் கொடுத்த மெஷினை மாட்டினால் மிக்ஸி இரைவது கேட்கிறது, மனிதர் பேசுவது கேட்பதில்லை. அதனால் வாயைப் பார்க்கப் பழகிக்கொண்டிருக்கிறேன். போன வாரம் பேத்தி பள்ளிக்கூட வேனின் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து, “தாத்தா, சாய்ங்காலம் பாப்பம்” என்றாள். சத்தம் வரவில்லை, ஆனால் புரிந்துவிட்டது. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு அந்தக் கேட்டும் வெயிலும்தான் நினைவுக்கு வந்தன.

கண்ணாடி முன்னால் நின்று அப்பாவைப்போல் வாயசைத்துப் பார்க்கிறேன். அன்று கேட்டருகே அவருக்கு முதலில் உதடு குவிந்தது, முடிக்கும்போது பல் தெரிந்தது. ‘ஒண்ணுல்ல, கலங்காதலே’ என்று சொல்லிப் பார்த்தால் அப்படித்தான் வருகிறது. ‘ஒனக்கு வெக்கமா இல்லியாலே’ என்று சொன்னாலும் அப்படியே வருகிறது. பின்னதில் நடுவே ‘மா’ வரும் இடத்தில் உதடு ஒட்டும், முன்னதில் எங்கேயும் ஒட்டாது, அவ்வளவுதான் வித்தியாசம். அப்பாவின் உதடு ஒட்டியதா என்று எனக்குத் தெரியாது. நடுவே அந்த ஒரு நொடி நான் அவரைப் பார்க்கவில்லை. உள்ளே காபி குடித்துக்கொண்டிருந்தவர்கள் எங்களைக் கவனிக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.