மேனேஜரின் மச்சானும் எங்கள் சர்வரும்

எல்லாம் ஒழுங்காக ஓடும்போது சர்வர் ரூம்காரன் என்று ஒருத்தன் இருப்பதே ஆபீசில் யாருக்கும் தெரியாது. நின்றுவிட்டால் அவன் பெயர் எதிர் டீக்கடை வரைக்கும் தெரிந்துவிடும். இந்த வேலையில் மாட்டிக்கொண்டு முழித்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

நான் எட்டாவது பெயில். கடலூரில் ஒரு உரக் கம்பெனியின் தலைமை ஆபீசில் ஒயரிங், ஜெனரேட்டர் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். 2005-ல் சர்வர் வந்தது. கடலூர் பில், சிதம்பரம் கிளை பில் இரண்டும் அதற்குள்தான் போகும். அதை வைத்துவிட்டுப் போன சென்னைக்காரர், நின்றால் எதை அணைத்து எதைப் போட வேண்டும் என்று எனக்குக் காட்டினார். அதற்கும் மசியவில்லை என்றால் அவருக்குப் போன் செய்ய வேண்டும். அவ்வளவுதான் என் படிப்பு. முதலாளி அந்த அறைச் சாவியை என்னிடம் கொடுத்தார். மேனேஜருக்கு அன்றைக்கே முகம் சுருங்கிவிட்டது. அவர் மச்சான் சேகர் கம்ப்யூட்டர் டிப்ளமா முடித்துவிட்டு கீரப்பாளையத்தில் சும்மா இருந்தான். சர்வர் ஒருமுறை பெரிதாகப் படுத்தால் போதும், என்னைக் கிளப்பிவிட்டு அவனை உட்கார வைத்துவிடலாம் என்று மேனேஜர் காத்திருந்தார். அந்த முகத்தை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

எஞ்சினுக்குப் பொட்டு

முதல் ஆயுத பூஜை. கேஷியர் விஜயா அக்காவின் வீட்டுக்காரர் லாரி வைத்திருந்தார். லாரிக்கு பானெட்டைத் தூக்கி எஞ்சினுக்குப் பொட்டு வைத்தால்தான் பூஜை சேரும் என்பது அக்காவின் கட்சி. "மூடி மேல வச்சா சாமிக்கு எப்புடித் தெரியும்?" என்று சர்வரின் பக்கத்து மூடியைக் கழற்றச் சொன்னார். மேனேஜரும் தலையாட்டினார். கழற்றினேன். சந்தனம், குங்குமம், விபூதி. கடைசியில் ஆளுக்கொரு கை பொரி தூவினார்கள்.

லீவு முடிந்து சர்வரைப் போட்டால், மிக்சியில் கூழாங்கல் போட்ட சத்தம். சென்னைக்காரர் வந்து கவிழ்த்தார். பொரி, பொட்டுக்கடலை, ஒரு துண்டு வெல்லம். முதலாளி மேனேஜரைக் கூப்பிட்டுக் கேட்டார். மேனேஜர் என்னைக் கைகாட்டிச் சொன்னார்:

"பூஜ போட்டதுல தப்பே இல்ல சார். பொரி உள்ள போற மாதிரி இவன் அத வச்சிருந்ததுதான் தப்பு."

வஞ்சிரம்

ஆபீசிலேயே ஏசி போட்ட அறை அது ஒன்றுதான். அதனால் எல்லாருக்கும் அது ஐஸ் பெட்டி. மல்லிகைப் பூ, தயிர், யாரோ ஒருவரின் கண் சொட்டு மருந்து எல்லாம் உள்ளே வரும். ஒருநாள் மேனேஜர் துறைமுகத்திலிருந்து வஞ்சிரம் வாங்கி வந்து, சாயந்திரம் வீட்டுக்குப் போகிற வரைக்கும் கெடாமல் இருக்கட்டும் என்று சர்வருக்குப் பின்னால் வைத்துவிட்டார்.

ஒயர் வருவதற்காகச் சுவரில் போட்டிருந்த ஓட்டை வழியாகப் பூனை வந்தது. மீனை இழுத்தது, மீன் பையோடு ஒயர்களையும் இழுத்துக்கொண்டு போனது. சிதம்பரம் கிளை அப்படியே நின்றது. அங்கே பொறுப்பில் இருந்த கலியபெருமாள் போனில் கத்தினார். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். அவர் கேட்டார்:

"ஏய்யா, கடலூர்ல பூன மீன் தின்னா சிதம்பரத்துல நான் ஏன்யா யூரியா விக்கக் கூடாது?"

மத்தியானச் சாவு

அதற்குப் பிறகு சிதம்பரம் லைன் தினமும் மத்தியானத்தில் செத்துப்போய், ஒரு மணி நேரத்தில் தானாகவே பிழைத்துக்கொண்டது. மேனேஜர் முதலாளியிடம், "இவனால முடியாது சார், படிச்ச ஆளு வேணும்" என்று ஆரம்பித்துவிட்டார். பயத்தோடு சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினேன்.

சாப்பாட்டு நேரம் வந்தது. கலியபெருமாள் எழுந்தார், லைன் வருகிற மோடம் பெட்டியை ஒயரோடு பிடுங்கினார், துண்டில் சுற்றினார், கல்லாப் பணத்தோடு இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டார். ஏன் இப்படி என்றேன். அவர் என்னைத் திருடனைப் பார்ப்பது மாதிரி பார்த்தார்:

"மினுக்கு மினுக்குன்னு லைட்டு எரியிற சாமானத்த வெளிய வச்சுட்டு எனக்கு சோறு எறங்குமா?"

புயலும் இட்லியும்

அந்தப் பெரிய புயல் அடித்துக் கடலூரே இருட்டில் கிடந்தபோது, "சர்வர் மட்டும் நிக்கக் கூடாது" என்றார் முதலாளி. ஜெனரேட்டரில் ஓட்டினேன். அந்தத் தெருவில் கரண்ட் இருந்த ஒரே இடம் நாங்கள்தான். முதலில் செல்போன்கள் வந்தன. சார்ஜ் போட்டுவிட்டு வாசலிலேயே உட்கார்ந்துகொண்டார்கள். பிறகு டார்ச் லைட், எமர்ஜென்சி விளக்கு. கடைசியில் ஒரு மாட்டுவண்டியில் மேனேஜர் வீட்டு கிரைண்டர் வந்து இறங்கியது. கூடவே ஊறவைத்த அரிசியோடு அவர் சம்சாரம். வேண்டாம் என்றேன். "அரைக்கட்டும்பா" என்றார் மேனேஜர்.

கல் ஒரு சுற்று சுற்றியது. ஜெனரேட்டர் முக்கி நின்றது. யுபிஎஸ் பேட்டரி ஏற்கெனவே செல்போன் சார்ஜுக்கே செத்திருந்தது. சர்வர் விழுந்தது, எழுந்திருக்கவில்லை. நான் தலையில் கைவைத்து உட்கார்ந்தேன். அந்த அம்மா கோபமாகக் கேட்டார்:

"எத்தினி நாளு சோத்தையே திங்கறது? ஒரு வேள இட்லிக்கு இந்தப் பொட்டி விட்டுக்குடுக்காதா?"

சாவி மாறியது

முதலாளியிடம் போன கதையில் கிரைண்டர் இல்லை, நான் மட்டும்தான் இருந்தேன். சென்னைக்காரர் வந்து சரிசெய்த கையோடு சாவி சேகரிடம் போனது. என்னை அந்த மாதத்தோடு கணக்கு முடித்துக்கொள்ளச் சொன்னார் மேனேஜர். அதுவரைக்கும் ஜெனரேட்டர் கொட்டகையில் உட்கார்ந்திருந்தேன்.

சேகருக்குக் குளிர் ஆகவில்லை. தும்மல் கொட்டகை வரைக்கும் கேட்டது. ஏசியை அணைத்தான், சூட்டில் சர்வர் நின்றது. ஏசியைப் போட்டான், மூக்கு அடைத்து நின்றது. மப்ளர் கட்டிப் பார்த்தான், மங்கி குல்லா போட்டுப் பார்த்தான். ஒருநாள் என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் உள்ளே உட்கார வைத்துவிட்டு, வெளியே ஃபேனுக்கு அடியில் நாற்காலி போட்டுக்கொண்டான். மேனேஜர் வந்து பார்த்துவிட்டுக் குதித்தார். என்னை அனுப்பினால் தானும் ஊருக்குக் கிளம்புவதாகச் சொல்லிவிட்டு, சேகர் மூக்கைத் துடைத்துக்கொண்டே சமாதானம் சொன்னான்:

"வேல எனக்குதான் மாமா. அவரு சும்மா உள்ள ஒக்காந்து செஞ்சிகிட்டு இருக்கட்டும்."

அந்த சர்வருக்குக் கெடுதல் செய்ய நினைத்தவர் அந்த ஆபீசில் ஒருத்தர்கூட இல்லை. அது நின்றபோதெல்லாம் யாரோ ஒருத்தர் நல்ல எண்ணத்தோடு பக்கத்தில் போயிருந்தார்.