பைலட்டின் சிறுமூளை

ஆஸ்பத்திரி முழுவதும் அவரைப் பைலட் என்றுதான் கூப்பிடும். ஸ்ட்ரெச்சர் தள்ளுகிற அழகைப் பார்த்து யாரோ ஒரு நோயாளி வைத்த பெயர், அப்படியே ஒட்டிக்கொண்டது. திருப்பத்தில் வேகம் குறைப்பார். லிஃப்ட் வாசலில் இருக்கும் சின்ன மேட்டில் முன்சக்கரத்தை லேசாகத் தூக்கி இறக்குவார், படுத்திருப்பவருக்கு ஒரு குலுக்கல் தெரியாது. ஸ்கேன் அறைக்குப் போகிறவர்களிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே போவார். "உள்ள மெஷின் தட்டு தட்டுன்னு தட்டும். பக்கத்து வீட்டுல ஆணி அடிக்கறாங்கன்னு நெனச்சுக்குங்க. அசையாம மட்டும் இருங்க, அது போதும்."

இப்படிப்பட்ட மனிதர் வேலை முடிந்து தெருவில் இறங்கினால் தள்ளாடுவார். இடது பக்கம் ஒரு சாய்வு, வலது பக்கம் ஒரு சாய்வு, நடுவில் யாராவது நிறுத்தி வைத்த சைக்கிளில் ஒரு கை. ஒருவர் அப்படி நடந்து வந்தால் தெரு என்ன முடிவுக்கு வரும் என்பதற்கு ஆராய்ச்சி தேவையில்லை. கண், காது, மூக்கு எல்லாம் வைத்து அவர் எந்தக் கடையில் குடிக்கிறார் என்பது வரை பேசி முடித்துவிட்டார்கள்.

அவர் மனைவி பள்ளிச் சீருடை தைக்கும் இடத்தில் வேலை பார்த்தாள். மாலையில் கதவைத் திறந்ததும் முதல் வேலையாக அவர் வாயருகே மூக்கை நீட்டுவாள். ஒரு வாசனையும் வராது. அதற்காக அவள் சமாதானம் ஆகிவிடவில்லை. ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவருக்கு வாசனை வராத சரக்கு கிடைக்காமலா போகும் என்பது அவள் கட்சி.

"சத்தியமா நான் தொட்டதே இல்ல" என்பார் அவர்.

"உங்கப்பாவும் இதையேதான் சொன்னாராம். உங்க அத்தை சொல்லியிருக்காங்க."

அவருடைய அப்பா ஊரறிந்த குடிகாரர். தள்ளாடித் தள்ளாடி, கடைசியில் மாடிப்படியில் விழுந்து போய்ச் சேர்ந்தார். அதைப் பார்த்து வளர்ந்ததால்தான் மகன் எந்த விருந்திலும் குவளையை மோந்து பார்த்துவிட்டுக் குடிப்பார். சொந்தக்காரர்களோ, "அப்பனை அப்படியே உரிச்சு வச்சிருக்கான்" என்றார்கள்.

கடைசியில் மனைவி தீர்த்துச் சொல்லிவிட்டாள். "வேலை போற மாதிரி ஏதாவது ஆச்சு, நானும் பொண்ணும் எங்க அக்கா வீட்டுக்குப் போயிடுவோம். நான் சும்மா சொல்லல."

அவள் சும்மா சொல்கிறவள் இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

அந்தச் சமயம் பார்த்து ஆஸ்பத்திரி அவருக்கு ஒரு நல்லது செய்தது. இத்தனை வருடம் வண்டி தள்ளியவர், வயதும் ஆகிறது, இனி ரத்தம் எடுத்த குப்பிகளை வார்டிலிருந்து லேபுக்குக் கொண்டு போகட்டும் என்று லேசான வேலைக்கு மாற்றினார்கள். வண்டியின் கைப்பிடியைப் பிடித்திருந்த வரைக்கும் வண்டிதான் அவரை நேராக நடத்திக்கொண்டிருந்தது. அது யாருக்கும் தெரியாது, அவருக்கே தெரியாது. கையில் ஒரு தட்டைக் கொடுத்து நடுக் காரிடாரில் விட்டார்கள். பத்தடி போவதற்குள் சுவரில் மோதித் தட்டைக் கீழே போட்டார். பாதி வார்டின் ரத்தம் தரையில்.

சூப்பர்வைசர் பறந்து வந்தார். வாயில் ஊதிப் பார்க்கும் கருவியைக் கொண்டுவரச் சொன்னார். பைலட் ஊதினார். பூஜ்யம். "இன்னும் நல்லா ஊதுய்யா." ஊதினார். பூஜ்யம். பேட்டரி போயிருக்கும் என்று புது பேட்டரி போட்டார்கள். அப்போதும் பூஜ்யம். சூப்பர்வைசர் தானே ஊதிப் பார்த்தார். முந்தின நாள் மச்சினன் வீட்டு விருந்துக்குப் போய்வந்தவர். கருவி கொஞ்சம் ஏதோ காட்டியது. அவசரமாக அதைப் பைக்குள் போட்டுவிட்டு, "இவரை நரம்பு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க" என்றார்.

டாக்டரம்மா அவரை ஒரு காலின் குதிகாலை இன்னொரு காலின் விரலோடு ஒட்டி வைத்து நடக்கச் சொன்னார். இரண்டாவது அடியிலேயே அவர் மேஜையைப் பிடித்துக்கொண்டார். ஸ்கேன் எழுதிக் கொடுத்தார்.

அத்தனை பேரைக் கொண்டுபோய் விட்ட அறையில் அன்று பைலட்டே படுத்தார். தலைக்கு மேல் கூண்டு, காதில் பஞ்சு. பக்கத்து வீட்டு ஆணி என்று அவர் சொன்னதெல்லாம் சுத்தப் பொய், தலைக்குள்ளேயே அடிக்கிற மாதிரி இருந்தது. மற்றவர்கள் அங்கே படுத்துக்கொண்டு, ஒன்றும் இருக்கக் கூடாதென்று வேண்டிக்கொள்வார்கள். இவருக்கோ வேறு பயம். மூளை நன்றாக இருக்கிறது என்று படம் வந்துவிட்டால் அவர் குடிகாரர்தான், மனைவி அக்கா வீட்டுக்குத்தான். கடவுளே, ஏதாவது இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டார்.

இருந்தது. டாக்டரம்மா கம்ப்யூட்டர் திரையைத் திருப்பி, அவருக்கும் மனைவிக்கும் மகளுக்கும் காட்டினார். தலைக்குப் பின்னால், அடியில், நறுக்கிய காலிஃபிளவர் மாதிரி ஒரு பகுதி.

"இது சிறுமூளை. நடையை நேரா வச்சிருக்கறது இதுதான். இவருக்கு இது சுருங்கியிருக்கு. மடிப்புக்கு நடுவுல எவ்வளவு இடைவெளி பாருங்க."

பைலட் மனைவியைப் பார்த்தார். அவள் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குடியாலயும் இப்படிச் சுருங்குமா டாக்டர்?"

"சுருங்கும்."

அவருக்கு உலகமே இருட்டிக்கொண்டு வந்தது. டாக்டரம்மா விடவில்லை. "உங்க வீட்டுல வேற யாருக்காவது இந்தத் தள்ளாட்டம் இருந்துச்சா?"

"எங்கப்பாவுக்கு. ஆனா அவர் குடிகாரர்."

"குடிச்சு நீங்க பாத்திருக்கீங்களா?"

அவர் யோசித்தார். பாட்டில் பார்த்ததில்லை. வாசனை தெரிந்ததில்லை. அப்பா எந்தக் கடை வாசலிலும் நின்று பார்த்ததில்லை. அவர் பார்த்ததெல்லாம் அந்த நடையைத்தான்.

"இல்லீங்க" என்றார்.

ரத்தம் எடுத்து வெளியே ஒரு லேபுக்கு அனுப்பினார்கள். பதில் வர வாரக்கணக்கில் ஆனது. அத்தனை நாளும் மனைவி அக்கா வீட்டுக்கும் போகவில்லை, அவரோடு முகம் கொடுத்தும் பேசவில்லை. மகள்தான் இரண்டு பேருக்கும் நடுவில் தபால்காரி.

பதில் வந்த அன்று டாக்டரம்மா மேஜையில் டிஷ்யூ பெட்டியை முன்னால் தள்ளி வைத்துவிட்டு மெல்லப் பேசினார். பரம்பரையாக வருகிற நோய். மரபணுவில் ஒரு பிழை. குணப்படுத்த இப்போதைக்கு மருந்து இல்லை. ஆனால் இவருக்கு வந்திருப்பது மெதுவாக நகர்கிற வகை, பயிற்சி செய்தால் பல வருடம் தாக்குப்பிடிக்கலாம்.

"அப்ப இவர் குடிக்கல?" என்றாள் மனைவி.

"இந்தத் தள்ளாட்டத்துக்குக் குடி காரணம் இல்லம்மா."

"ஒரு நாள்கூடக் குடிச்சதில்லையா?"

"அதெல்லாம் ரத்தத்துல தெரியாது" என்று டாக்டரம்மா சிரித்துவிட்டார்.

மனைவி சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள், பெட்டியில் இருந்த டிஷ்யூவில் பாதியைக் காலி செய்தாள். பைலட்டுக்கு வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது. இந்தச் செய்தியைக் கேட்டு இவ்வளவு சந்தோஷப்பட்ட குடும்பத்தை அந்த அறை பார்த்திருக்காது. மகளுக்கும் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு, வேண்டுமானால் பரிசோதிக்கலாம், வேண்டாமென்றாலும் சரி என்று டாக்டரம்மா சொன்னபோது மட்டும் இருவரும் மகளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"எப்ப தெரிஞ்சுக்கணும்னு தோணுதோ அப்ப வரேன்" என்றாள் மகள். "இன்னைக்கு எங்கப்பாவுக்கான நாள்."

பைலட்டுக்கு இதற்குள் ஸ்கேன் அறை வாசலில் உட்கார்ந்து பெயர் கூப்பிடும் வேலை கொடுத்திருந்தார்கள். சூப்பர்வைசர் தானே வந்து நாற்காலி போட்டாராம்.

மூவரும் நடந்தே வீடு திரும்பினார்கள். மனைவி அவர் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். இருந்தாலும் அவர் இரண்டு பக்கமும் சாய்ந்துதான் வந்தார். மளிகைக் கடைக்காரர் தலையை நீட்டினார்.

"என்ன பைலட், பகல்லயே ஏத்தியாச்சா? வீட்டம்மா வேற தாங்கிப் பிடிச்சுக்கிட்டு வராங்க."

மனைவி நின்றாள். "சிறுமூளை சுருங்கிடுச்சு அண்ணே. பரம்பரை வியாதி. படம் எடுத்து, ரத்தம் எடுத்து, டாக்டரே சொல்லிட்டாங்க." மகள் முதல் ரேங்க் வாங்கியதைச் சொல்கிற மாதிரி சொன்னாள். எதிர்வீட்டு ஜன்னல் ஒன்று திறந்தது.

"மெதுவா சொல்லும்மா" என்றார் பைலட். "தெரு பூரா கேக்குது."

"கேக்கட்டும். இத்தனை நாளா அவங்க மெதுவாவா சொன்னாங்க?"