மணியின் இடது கண்

அந்த நாயை நினைத்தால் முதலில் அதன் கழுத்துப்பட்டைதான் கண்ணில் நிற்கிறது. பழைய டயரில் வெட்டிய அகலப் பட்டை. அதன்மேல் கறுப்புக் கயிறு வேறு. அகரம் பக்கம் மல்லித் தோட்டம் போட்டிருந்த ஓர் அக்கா, தன் நாய் மணியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு எங்கள் கால்நடை மருந்தகத்துக்கு வந்தார். மணியின் இடது கண் வெளியே பிதுங்கி நின்றது. "செடிக்கு மருந்து அடிச்சேன் டாக்டரம்மா. பின்னாடியே வந்துச்சு, கண்ணுல தெறிச்சிருச்சு போல. நாந்தான் கெடுத்துப்புட்டேன்" என்றார்.

காலையிலிருந்து ஆடு மாடு பார்த்து ஓய்ந்துபோயிருந்தேன். கண்ணுக்குப் பின்னால் சீழ் கோத்திருக்கும் என்று முடிவுகட்டினேன். பட்டையில் கை வைத்தால் மணி கடிக்க வந்தது. கண்ணுக்குத்தானே வைத்தியம், கழுத்து எதற்கு என்று விட்டுவிட்டேன். படித்த படிப்பெல்லாம் அந்நேரம் எங்கே போயிற்றோ. வீக்கம் வற்ற ஸ்டீராய்டு ஊசியும் போட்டேன். நான்கே நாளில் கண் உள்ளே போனது. அக்கா பந்து பந்தாக மல்லி கொண்டுவந்து, "கைராசிக்காரவுக" என்று வரிசையில் நின்றவர்களிடமெல்லாம் சொன்னார். நானும் வெட்கமில்லாமல் பூவைத் தலையில் வைத்துக்கொண்டேன்.

ஒரு மாதத்தில் கண் முன்னைவிடப் பெரிதாகப் பிதுங்கியது. எடுத்துவிடலாம் என்று மயக்க ஊசி போட்டபிறகுதான் பட்டையைக் கழற்றினேன். தாடைக்கடியில் இருபுறமும் நெல்லிக்காய் அளவில் கட்டிகள். தோளுக்கு முன்னால், பின்னங்கால் முழங்காலுக்குப் பின்னால், தொட்ட இடமெல்லாம் கட்டி. நிணநீர்ப் புற்றுநோய். அது ஸ்டீராய்டுக்குச் சில நாள் பதுங்கும், பிறகு மூர்க்கமாகக் கிளம்பும். நான் சீழ் என்று நினைத்தது இதைத்தான். கண்ணை எடுக்கவில்லை. கட்டியிலிருந்து ஊசியில் உறிஞ்சி அனுப்பிய மாதிரியின் சோதனையும் அதையே சொன்னது.

"புத்துநோய்க்கா. உடம்பு பூராப் பரவிருச்சு. கண்ண எடுத்தாலும் பொழைக்காது" என்றேன்.

அக்கா கேட்டார்: "அப்ப, நான் அடிச்ச மருந்தால இல்லையா?"

"இல்லக்கா."

அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். ஒரு மாதமாகச் சரியான தூக்கமில்லையாம். "என் வயித்துல பாலை வார்த்தீங்க டாக்டரம்மா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். முதல் நாளே கழுத்தைத் தொட்டிருந்தால் தெரிந்திருக்கும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மணி மூன்று வாரம் இருந்தது. பூச்சந்தையில் என்னைக் கண்டால் அக்கா இப்போதும் கும்பிடுகிறார். மன்னிப்புக் கேட்க வேண்டியவள் நான். பதிலுக்குக் கும்பிட்டுவிட்டு நடக்கிறேன்.