வெள்ளைக் காரின் எட்டு சர்வீஸ்

என் மனைவிக்கு முழங்கால் அறுவைச் சிகிச்சை நடந்த பிறகு, மாதம் இரண்டு தடவை குற்றாலத்திலிருந்து திருநெல்வேலி மருத்துவமனைக்குப் போய்வர வேண்டியிருந்தது. பேருந்தின் முதல் படி தரையிலிருந்து ஒன்றேகால் அடி உயரம். அதில் அவளை ஏற்றுவதற்குள் நடத்துநர் இரண்டு விசில் அடித்துவிடுவார். பழைய கார் ஒன்று வாங்கிவிடலாம் என்று முடிவு செய்தோம். பெங்களூரில் இருக்கும் மகன் தொலைபேசியில் ஒரே ஒரு நிபந்தனை போட்டான். "அப்பா, வண்டியோட பளபளப்பைப் பாக்காதீங்க. கம்பெனி ஆப்ல சர்வீஸ் ஹிஸ்டரியைப் பாருங்க. எத்தனை கிலோமீட்டர்ல என்ன வேலை செஞ்சிருக்காங்கன்னு எல்லாம் அதுல இருக்கும்."

எனக்கு அது பிடித்திருந்தது. பொதுப்பணித்துறையில் முப்பத்தொரு வருடம் அணை நீர்மட்டம் குறித்தவன் நான். காலை எட்டு மணிக்கு ஒருவர் அளவுகோலுக்கு முன்னால் நின்று அளவைச் சத்தமாக வாசிக்க வேண்டும், இன்னொருவர் எழுத வேண்டும். எழுதியதைத் திரும்பச் சத்தமாக வாசித்துச் சரிபார்க்க வேண்டும். மனதுக்குள் வாசிப்பது எங்கள் வேலையில் குற்றம் மாதிரி.

குத்துக்கல்வலசையில் ஒரு வெள்ளைக் கார் விலைக்கு வருகிறது என்று கேள்விப்பட்டுப் போனேன். விற்கிறவர் நாற்பத்தைந்து வயதிருக்கும் ஒரு அம்மாள். இலஞ்சியில் ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை பார்க்கிறார். கணவர் போன கார்த்திகையில் மாரடைப்பில் இறந்துவிட்டார். நான் போனது ஐப்பசியில். வீட்டில் அவரும் எண்பது தாண்டிய மாமியாரும்தான்.

"அவுக போனதுலருந்து வண்டி ஷெட்ட விட்டு எறங்கல சார்" என்றார் அந்த அம்மாள். "எனக்கு ஓட்டத் தெரியாது. பேட்டரி செத்துரும்னு பக்கத்து வீட்டு வேன்காரரு ஞாயித்துக்கிழமை வந்து பத்து நிமிசம் இஞ்சினை ஓட விட்டுட்டுப் போவாக. அதோட சரி."

மீட்டரில் 37,460 இருந்தது. குறித்துக்கொண்டேன். டயரில் கல் சிக்கிய இடங்களைக்கூடப் பார்த்தேன். பிறகு என் கைபேசியில் வண்டி எண்ணைப் போட்டேன். உரிமையாளர் போனுக்கு ஓ.டி.பி. போயிருப்பதாகச் சொன்னது. அந்த அம்மாள் உள்ளே போய்க் கணவருடைய போனை எடுத்துவந்தார். கேஸ், கரண்ட் பில் செய்தியெல்லாம் அந்த எண்ணுக்கே வருவதால் அதை இன்னும் சார்ஜ் போட்டுத்தான் வைத்திருக்கிறாராம். ஆறு எண்களையும் அவர் சொல்ல, நான் அழுத்தினேன். பட்டியல் வந்தது.

பழக்கதோஷத்தில் சத்தமாக வாசிக்க ஆரம்பித்தேன். "ஒண்ணாவது சர்வீஸ், ஆயிரத்து இருபது. ரெண்டாவது, ஒன்பதாயிரத்து எண்ணூத்தம்பது. மூணாவது, இருபத்திரெண்டாயிரத்து முந்நூறு. நாலாவது, பத்தொன்பதாயிரத்து நானூறு." இங்கே என் குரல் நின்றது. அணை நீர் ஏறும், இறங்கும். கார் மீட்டர் ஏற மட்டும்தான் செய்யும். மேலே வாசித்தேன். ஐந்து, 28,700. ஆறு, 41,900. ஏழு, 36,200. எட்டு, 52,600.

"எட்டாவது சர்வீஸ் இந்த ஆனி மாசம்தான் நடந்திருக்கு" என்றேன். "வண்டி வெளிய போகலன்னீங்களே அம்மா? மீட்டரையும் யாரோ திருப்பியிருக்காங்க."

அந்த அம்மாள் பதில் சொல்வதற்குள் உள்ளேயிருந்து மாமியார் வந்துவிட்டார்.

"ஆனியிலயா? ஆனி பூரா நான் கடையத்துல மூத்தவன் வீட்டுலல்லா கெடந்தேன். ஏட்டி, நான் இல்லாதப்ப வண்டிய எங்கன கொண்டு போனிய? குத்தாலத்துச் சாரலுக்கா?"

"எங்கயும் கொண்டு போகல அத்தை."

"அப்ப அந்தப் போனு பொய் சொல்லுதா? சாரு படிச்சவுக, வாசிக்காவ. சாவி உன்கிட்ட. ஓட்டுதவன் பக்கத்து வீட்டுல. எனக்குக் கணக்குத் தெரியாதுன்னு நெனச்சியாக்கும்?"

அந்த அம்மாள் மாமியாரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். "எனக்கு இதைப் பத்தி ஒண்ணும் தெரியாது சார். ஆனா வண்டி போகல" என்றார். நான் யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். என்ன யோசனை? தப்பித்தோம் என்றுதான் நினைத்தேன். மகனும், "விடுங்கப்பா, வேற பாக்கலாம்" என்றான்.

நான்கு நாள் கழித்து இலஞ்சியில் பேருந்துக்கு நின்றுகொண்டிருந்தேன். பள்ளிக்கூட வேன் ஒன்று காலியாக வந்து என் முன்னால் நின்றது. ஓட்டுகிறவர் தலையை நீட்டினார்.

"என்ன சார், வண்டி வாங்கியாச்சா? இல்ல, எங்க வீட்டுலயும் ஏதாவது வாசிக்கணுமா?"

அந்தப் பக்கத்து வீட்டு வேன்காரர், அன்று மதிலுக்கு மேலாக என்னைப் பார்த்திருக்கிறார் என்று அப்போதுதான் புரிந்தது. என்ன நடந்தது என்று கேட்டேன்.

"என்ன நடக்கும்? ஞாயித்துக்கிழமை சாவி வாங்கப் போனேன். ஆச்சி வாசல்லயே நிக்கா. 'எதுக்குலே வாற, ஒன்பதாவது சர்வீசுக்கா'ன்னு தெருவுக்கே கேக்கும்படி கேக்கா. மதிலுக்கு இந்தப் பக்கம் என் பொண்டாட்டி நின்னு கேட்டுக்கிட்டிருக்கா. எனக்கு வெக்கமா போச்சு. அந்த அக்கா பாவம், வேலைக்குப் போறப்போ தலை குனிஞ்சுட்டுப் போகுது. நீங்க ஒரு வார்த்தைய வாசிச்சுட்டு பஸ் ஏறிட்டிய."

அவர் போய்விட்டார். எனக்கு வர வேண்டிய பேருந்தும் போய்விட்டது. நான் ஏறவில்லை.

வீட்டுக்கு வந்து, மதியச் சாப்பாட்டுக்கு மனைவி இரண்டு தடவை கூப்பிட்டும் எழுந்து போகாமல், எட்டு எண்களையும் தாளில் எழுதிவைத்துப் பார்த்தேன். முதலில் ஒரு வகுத்தல். கார்த்திகைக்கு முன்னால் 36,200. ஆனியில் 52,600. இடையில் 16,400 கிலோமீட்டர். எட்டு மாதம் என்று வைத்தாலும் ஒரு நாளைக்கு அறுபத்தெட்டு. தினமும் காலையும் மாலையும் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிற மனிதர் இதை எப்போது ஓட்டியிருப்பார்? அப்புறம் இன்னொன்று. மீட்டரைத் திருப்புகிறவன் விற்பதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை திருப்புவான். இங்கே மூன்று இடத்தில் இறங்குகிறது. முதல் இறக்கம் நடந்தபோது கணவர் உயிரோடிருந்தார், விற்கிற எண்ணமே இல்லை.

எங்கள் அணையில் ஒரு வருடம் இப்படித்தான் அளவு ஏறி ஏறி இறங்கியது. பொறியாளர் தண்ணீரைச் சந்தேகப்படவில்லை. புதிதாக வந்த காவலாளியிடம், "எந்தக் கோலுக்கு முன்னால நின்னு வாசிச்சே?" என்று கேட்டார். ஒரு நாள் அணைக் கோல், ஒரு நாள் கால்வாய்க் கோல் என்று அவன் மாறி மாறி நின்றிருக்கிறான். இது நினைவுக்கு வர எனக்கு நான்கு நாள் ஆயிற்று.

எண்களை இரண்டு பத்தியாகப் பிரித்தேன். ஒரு பக்கம் 1,020, 9,850, 19,400, 28,700, 36,200. இப்போதைய மீட்டர் 37,460. இன்னொரு பக்கம் 22,300, 41,900, 52,600. இரண்டும் ஒழுங்காக ஏறின. இது ஒரு காரின் கணக்கு அல்ல. இரண்டு கார்.

அந்த அம்மாளுக்குப் போன் செய்தேன். எடுப்பார் என்று நம்பவில்லை. எடுத்தார். "இதே மாதிரி வண்டி உங்க சொந்தத்துல யார்கிட்டயாவது இருக்கா?" என்று கேட்டேன்.

"அத்தான்கிட்ட இருக்கு. இவுக அண்ணன், கடையத்துல. ரெண்டு பேரும் ஒரே நாள்ல, ஒரே கலர்ல எடுத்தாக. நம்பர்ல கடைசி ஒண்ணுதான் மாறும்." பிறகு மெதுவாக, "ஆனியில இவுக போனுக்கு வண்டி ரெடின்னு இங்கிலீசுல ஒரு மெசேஜ் வந்துச்சு சார். விளம்பரம்னு விட்டுட்டேன்" என்றார்.

மறுநாள் சாயங்காலம் கடையத்துக்குப் போனேன். அண்ணன்காரர் உரக்கடை வைத்திருக்கிறார். கடை வாசலில் வெள்ளைக் கார். விஷயத்தைச் சொல்லாமல், சாவியைப் போட்டு மீட்டரை மட்டும் காட்டச் சொன்னேன். 56,310.

"சர்வீசுக்கு எங்க விடுவீங்க?"

"தென்காசியிலதான் அண்ணாச்சி. வண்டி எடுத்ததுலருந்து அங்கனதான்."

"அங்க என்ன கேப்பாங்க?"

"என்ன கேப்பான்? போன் நம்பர் கேப்பான். தம்பி நம்பரைச் சொல்லுவேன். இந்தக் கம்பெனி, ஆபீசு சமாச்சாரமெல்லாம் தம்பிதான் பாப்பான். அவன் நம்பரைச் சொன்னாத்தான் எல்லாம் ஒழுங்கா நடக்கும். சொல்லிட்டு காப்பி குடிக்கப் போயிருவேன்."

இரண்டு வண்டியையும் தம்பிதான் தன் எண்ணில் பதிந்திருக்கிறார்; சர்வீஸ் நிலையத்தில் அந்த எண்ணைப் போட்டால் ஒரே மாதிரி இரண்டு வண்டி வந்திருக்கும். வண்டியின் எண் பலகையைப் பார்க்காமல், கையில் பட்டதை அழுத்தியிருப்பார்கள்.

"இந்த ஆனியிலயும் தம்பி நம்பரைத்தான் சொன்னீங்களா?" என்று கேட்டேன்.

அவர் சாவியைத் திருப்பி எடுத்தார். "ஆமா" என்றார். அப்புறம்தான் நான் கேட்டதன் அர்த்தம் அவருக்குப் புரிந்திருக்க வேண்டும். "வேற நம்பர் வாயில வரல அண்ணாச்சி."

குத்துக்கல்வலசையில் நடந்ததை அவரிடம் சொன்னேன். கடையைப் பாதி சாத்திவிட்டு, என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து அந்தக் காரிலேயே கிளம்பினார்.

வாசலில் நின்றபடியே தாயாரிடம் சொன்னார். "எம்மா, ஆனியில சர்வீசுக்கு விட்டது என் வண்டி. தம்பி நம்பரைச் சொன்னவன் நான். கேக்கணும்னா என்னைக் கேளு."

"செத்தவன் நம்பரை ஏம்லே சொன்னே?"

"நீ மட்டும் காலைல காப்பி ஆத்துறப்போ அவனுக்கும் சேத்து ஆத்தலியா?"

மாமியார் மெதுவாக மதில் ஓரம் நடந்துபோய், பக்கத்து வீட்டைப் பார்த்து, தெருவுக்கே கேட்கிற அதே குரலில் கூப்பிட்டார். "ஏலே வேன்காரா! வண்டிய நாலு நாளா போட்டு வச்சிருக்கியே, பேட்டரி செத்தா உங்கப்பனா மாத்துவான்? வந்து சாவிய வாங்குலே. தப்பு எங்க வீட்டுலதான்."

அந்த அம்மாளிடம் என் இரண்டு பத்தித் தாளை நீட்டினேன். மன்னிப்புக் கேட்க நினைத்து, "அஞ்சும் மூணும்மா" என்று மட்டும்தான் சொல்ல வந்தது. அவர் தாளை முழுக்கப் பார்த்தார். "சரியாத்தான் பிரிச்சிருக்கிய. அன்னைக்கு மனசுக்குள்ளயே வாசிச்சிருக்கலாம் சார்" என்றார்.

வண்டியை எனக்கே தருவதாகச் சொன்னார். ஆனால் பதிவைச் சரிசெய்த பிறகுதான். அது வரை முன்பணம் வாங்க மாட்டேன் என்றுவிட்டார். அடுத்த வாரம் நாங்கள் மூன்று பேரும் தென்காசி சர்வீஸ் நிலையத்துக்குப் போனோம். இரண்டு ஆர்.சி.யையும் வைத்துப் பார்த்து, அங்கிருந்த பெண் மூன்று சர்வீஸை அண்ணன்காரர் வண்டிக்கு மாற்றினாள். கணவரின் போனுக்கு வந்த ஓ.டி.பி.யை அந்த அம்மாள் வாசித்தார். நான் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

"இனிமே இந்த வண்டிக்கு உங்க சொந்த நம்பரைச் சொல்லுங்க சார்" என்றாள் அந்தப் பெண் அண்ணன்காரரிடம்.

அவர் சொல்லத் தொடங்கினார். முதல் நான்கு எண் வந்ததுமே அது தம்பியுடையது என்று எல்லோருக்கும் தெரிந்தது. அவரும் நிறுத்திக்கொண்டார். சட்டைப்பையில் இருந்த போனை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், எண் அதன் முதுகில் எழுதியிருக்கும் என்பது போல.

"நான் சொல்லுதேன் அத்தான்" என்றார் அந்த அம்மாள். மேசைப் பக்கம் திரும்பி, அண்ணன்காரருடைய பத்து எண்களையும் நிறுத்தி நிறுத்தி, ஒன்றில்கூடத் தடுமாறாமல் சொன்னார்.