அப்பா போன போர்க்கப்பல்

இலங்கை மலையகத்தில், றொசல்ல ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்தபோது, எண்பதைத் தாண்டிய மெலிந்த தேயிலைத் தோட்டத் தொழிலாளி ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். போன் வைத்திருப்பவர்களிடமெல்லாம் ஒரு போர்க்கப்பலின் பெயரைச் சொல்லித் தேடச் சொல்வாராம்; யாரும் கடைசிவரை படித்துச் சொன்னதில்லையாம். என்னிடமும் கேட்டார்.

“ஜப்பான்காரன் குண்டு போட்ட கப்பலுங்க. எங்கப்பா அதுல துணி தொவைக்கப் போனாரு. நான் அப்ப கைப்புள்ள. அவரு திரும்பி வரவே இல்ல.”

தேடினேன். கப்பல் கட்டப்பட்டது முதல் இரண்டாம் உலகப் போரில் கிழக்குக் கடலில் மூழ்கியது வரை ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். கப்பலில் இருந்த எல்லோரும் காப்பாற்றப்பட்டார்கள் என்று முடிந்திருந்தது.

“அப்ப எங்கப்பா ஏங்க வரல?”

அந்தக் கடைசி வரியை மறுபடியும் படித்துப் பார்த்தேன்.

“கடல்ல போயிட்டாருன்னே இருந்துட்டோம். எங்கம்மா அப்பிடி நெனச்சிதான் செத்துச்சு” என்றவர், ரயில் வந்தும் எழுந்திருக்கவில்லை.

அந்த ‘எல்லோரும்’ என்பதில் துணி துவைத்தவரையும் சேர்த்தார்களா என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.