காதில் கிளிப், கையில் அரிப்பு

தோல் மருத்துவமனையில் தாதியாக, இங்குள்ளவர்கள் கூப்பிடும்படி ‘மிஸ்ஸி’யாக, இருப்பதில் ஒரு தொல்லை: அரிப்பு என்று சொன்னாலே போதும், எதிரில் இருப்பவருக்கும் எங்கேயாவது அரிக்கத் தொடங்கிவிடும். இதைப் படிக்கிற உங்கள் கையும் இந்நேரம் முழங்கைக்குப் போயிருக்கும்; வருடக்கணக்காகச் சொறிந்துகொண்டிருப்பவர் என்றால், அந்த அவஸ்தையை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நாள்பட்ட தோல் அழற்சிக்கு வழக்கமான மருந்தோடு சேர்த்து, காதில் ஒரு கிளிப் மாட்டி மெல்லிய மின்சாரம் செலுத்திப் பார்க்கும் ஆய்வு ஒன்று எங்களிடம் நடந்தது. கிளிப் மாட்டப் பழக்குவது என் வேலை.

கை இங்கே, காது அங்கே

ஷகிலா லிட்டில் இந்தியாவில் ஓர் அழகு நிலையத்தில் மருதாணி போடுகிறவர். சொரியாசிஸ் வந்து, புறங்கையிலும் முழங்கையிலும் வெள்ளை வெள்ளையாகச் செதில். இது ஒட்டுகிற நோய் இல்லை என்று எத்தனை முறை சொன்னாலும், நீட்டிய கையைப் பாதியில் இழுத்துக்கொள்ளும் பெண்கள் உண்டாம். கடைசியில் முதலாளியம்மா அவரைப் பின்னறையில் துண்டு மடிக்க உட்கார வைத்துவிட்டார். அதைச் சொல்லும்போது சிரித்தார், கண் சிரிக்கவில்லை.

மூளையிலிருந்து நெஞ்சு, வயிறு வரை போகிற ஒரு நீளமான நரம்பின் கிளை காதுக்கும் வருகிறது, அதைத் தூண்டினால் அழற்சி கொஞ்சம் அடங்கலாம் என்று நினைக்கிறார்கள், இன்னும் உறுதியில்லை என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுக் கையை என் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டினார்.

“மிஸ்ஸி, வியாதி இங்க இருக்கு. எதுக்கும் கண்ணாடியத் தொடச்சுட்டு ஒரு தடவ பாருங்களேன்.”

கேட்காததைச் சொல்வானேன்

புக்கிட் மேராவிலிருந்து வந்த மாணிக்கம் அங்கிளுக்கு இளவயதிலிருந்தே எக்ஸிமா என்கிற அரிப்பு நோய். உடம்புக்குள் ஏதாவது கருவி பொருத்தியிருக்கிறார்களா என்று எல்லாரையும் கேட்பதுபோல் அவரையும் கேட்டேன். “ஒண்ணும் இல்லம்மா” என்றார் உற்சாகமாக. கிளிப்பைக் கையில் எடுத்துவிட்டேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவி தயங்கித் தயங்கி, “நெஞ்சுல ஒரு பேட்டரி வச்சாங்களே, அதச் சொன்னீங்களா?” என்று கேட்டார்.

இதயத் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர்! அது இருப்பவர்களுக்கு இந்தக் கிளிப் மாட்டக்கூடாது. கிளிப்பை மேசையில் வைத்துவிட்டு அந்த அம்மாவின் கையைப் பிடித்து நன்றி சொன்னேன். டாக்டர் அங்கிளுக்கு வேறு சிகிச்சை ஏற்பாடு செய்தார். அங்கிள் மட்டும் கடைசிவரை தன் பக்கம் நியாயம் இருப்பதாகவே நினைத்தார்.

“அது ஹார்ட்டுக்கு வச்சதும்மா. நீங்க தோல் ஆஸ்பத்திரிதானே!”

துணைக்கு வந்த ஆள்

மருந்தோடு கிளிப்பையும் மாட்டிவந்ததில், சில வாரங்களில் ஷகிலாவின் கையில் செதில் குறைந்தது. அந்த மகிழ்ச்சியில் அவர் ஒரு காரியம் செய்தார்: யாரிடமும் சொல்லாமல் மருந்தை நிறுத்திவிட்டு, கிளிப்பை மட்டும் மாட்டிக்கொண்டார். திரும்பி வந்தபோது கை, கழுத்து, முதுகு எல்லாம் செதில். கல்யாண சீசன் நெருங்கிக்கொண்டிருந்தது. “இனி என்னைக் கடைக்கே வர வேண்டாம்னு சொல்லிடுவாங்க” என்று அழுதார். மருந்தை நிறுத்தக்கூடாது என்று நான் இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கலாமோ?

டாக்டர் சுகந்தி திட்டவில்லை. தோலை நன்றாகப் பார்த்தார், மருந்தை மறுபடி தொடங்கினார், பயப்படும்படி ஒன்றுமில்லை, அடக்கிவிடலாம் என்றார். பிறகு, தன் பையிலிருந்து டிஷ்யூ எடுத்து நீட்டிக்கொண்டே சொன்னார்:

“கிளிப் துணைக்கு வந்த ஆள், ஷகிலா. சமையல்காரர வீட்டுக்கு அனுப்பிட்டு அப்பளம் பொரிக்கிறவர மட்டும் வச்சுக்கிட்டா பந்தி நடக்குமா?”

பலன் இல்லாத பலன்

எல்லாருக்கும் கிளிப் பலன் தந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சுவா சூ காங்கில் பாலர் பள்ளி ஆசிரியை ஒருவர், வீட்டில் இரட்டைப் பிள்ளைகள். சொன்னபடி தவறாமல் கிளிப் மாட்டினார். அரிப்பு இம்மிகூடக் குறையவில்லை. கருவியைத் திருப்பி வாங்க எனக்குச் சங்கடமாக இருந்தது. அவரோ தயங்கித் தயங்கித்தான் கொடுத்தார்.

“அரிப்பு போகல மிஸ்ஸி. ஆனா அத மாட்டியிருந்தப்ப வீட்டுல யாருமே என்னைக் கூப்பிடல. இன்னும் ஒரு மாசம் வச்சுக்கவா?”

அவருக்கு வந்த கஷ்டம்

ஷகிலாவின் தோல் மெதுவாக அடங்கியது. மருந்தா, கிளிப்பா, இரண்டுமா என்று டாக்டரே அடித்துச் சொல்லவில்லை. ஆனால் ஒரு சனிக்கிழமை நான் அந்த வழியாகப் போனபோது, அவர் கடை முகப்பில் அரைக்கைச் சட்டையோடு உட்கார்ந்து ஒரு கல்யாணப் பெண்ணின் கையில் மயில் வரைந்துகொண்டிருந்தார். பெண் கையை இழுக்கவில்லை, தூங்கி வழிந்துகொண்டிருந்தது. நான் நடைபாதையிலேயே நின்று ஒரு பெருமூச்சு விட்டேன்.

சாப்பாடு கொண்டுவந்திருந்த அவர் கணவர் பஷீர் என்னைப் பார்த்ததும் வெளியே வந்தார். நன்றி சொல்லப்போகிறார் என்று நான் முகத்தைச் சரிசெய்துகொண்டேன். அவர் புகார் சொன்னார்.

“அவ நல்லாத் தூங்குறா மிஸ்ஸி. இத்தன வருஷமா அவ சொறியற சத்தத்துலயே தூங்கிப் பழகிட்டேன், இப்ப எனக்குத்தான் தூக்கம் வர மாட்டேங்குது!”

மொத்தத்தில், தோலைக் கவனிக்கும் வேலைக்கு வந்த நான் இங்கே உருப்படியாகக் கற்றுக்கொண்டது மனிதர்களின் காதைப் பிடிக்கத்தான்.